சுமை வகுத்த வழிகள்

போடிநாயக்கனூரிலிருந்து மேற்கே செல்லும் சாலை, முந்தல் என்னும் சிற்றூரைத் தொட்டதும் இரண்டாகப் பிரிகிறது. ஒன்று, கொச்சியையும் தொண்டியையும் இணைக்கும் 85-ஆம் எண் தேசிய நெடுஞ்சாலை. 17 கொண்டை ஊசி வளைவுகளில் சுற்றிச் சுற்றி ஏறிப் போடிமெட்டை அடைந்து, அங்கிருந்து கேரளத்து ஏலத்தோட்டங்களுக்குள் புகுந்துவிடும். மற்றொன்று வடமேற்காகத் திரும்பி, கொட்டகுடி ஆற்றைத் துணைகொண்டு போய், கொட்டகுடி, குரங்கணி ஆகிய ஊர்களைச் சேர்ந்ததும், மலை குறுக்கே நிற்கிற காரணத்தால் அங்கேயே முடிந்துபோகிறது. விடியற்காலையில் இந்தப் பிரிவில் சற்று நேரம் நிற்பவர்கள் இரண்டு சாலைகளின் சுபாவத்தையும் எளிதில் அறிந்துகொள்ளலாம். தோட்டத்து ஆட்களை நெருக்கி ஏற்றிக்கொண்டு ஜீப்புகள் ஒன்றன்பின் ஒன்றாக மெட்டுச் சாலையில் பறக்கும். குரங்கணிச் சாலையிலோ, சுற்றுலாக்காரர்கள் வந்து மொய்க்கும் விடுமுறை நாட்கள் நீங்கலாக, பால்காரர் ஒருவர், பள்ளிக்கூடத்துப் பிள்ளைகள் சிலர், எப்போதாவது ஒரு பஸ் என்ற அளவோடு நடமாட்டம் அடங்கிவிடும். சைக்கிள் மிதிக்கிறவனுக்கு, எங்கேயோ போய் முடிந்துவிடுகிற சாலையைக் காட்டிலும் பெரிய பாக்கியம் வேறில்லை; அதில் அவசரக்காரர்களுக்கு வேலை இல்லை.

மோட்டார் வாகனங்கள் நுழையாத, தாரும் சிமெண்டும் பூசப்படாத, சரளைக்கல் பரப்பிய பாதைகளில் சைக்கிளில் பிரயாணம் செய்வது மேல்நாடுகளில் இப்போது ஒரு பெரிய பொழுதுபோக்காக வளர்ந்திருக்கிறது. அதற்கென்றே பிரத்தியேகமான சைக்கிள்களும், வரைபடங்களும், வழிநெடுகத் தங்கும் விடுதிகளும் ஏற்பட்டுவிட்டன. அந்தப் பாதைகளின் பூர்வீகத்தை விசாரித்தால், அவற்றுள் பெரும்பாலானவை சைக்கிளுக்காக வெட்டப்பட்டவையே இல்லை என்பதும், ஏதோ ஒரு காலத்தில் ஏதோ ஒரு பாரத்தைச் சுமப்பதற்காக அமைக்கப்பட்டு, அந்தப் பாரம் வேறு வழியில் போகத் தொடங்கியதும் அநாதையாகக் கிடந்தவை என்பதும் தெரியவரும். வேல்ஸ் நாட்டில் மௌதாக் என்னும் ஆறு கடலோடு கலக்கும் கழிமுகத்தின் ஓரமாக, டோல்கெத்லாய் என்ற ஊரிலிருந்து பார்மத் என்ற கடற்கரை ஊர் வரை சுமார் 15 கிலோமீட்டர் தூரத்துக்கு ஒரு பாதை செல்கிறது. அது 1965-இல் மூடப்பட்ட ஒரு ரயில் தடம். தண்டவாளத்தைக் கழற்றிய இடத்தில் இன்று குழந்தைகளும் கிழவர்களும் சைக்கிள் ஓட்டுகிறார்கள். ஒரு பக்கம் சதுப்பு நிலம், மறுபக்கம் காடு, இடையில் ஓதத்துக்கு ஏற்ப ஏறியும் வடிந்தும் நிற்கிற நீர்ப்பரப்பு. நியூசிலாந்தில் ஒடாகோ மாநிலத்தில் இதே விதமாகக் கைவிடப்பட்ட ரயில் தடம் ஒன்று, 152 கிலோமீட்டர் நீளமுள்ள சரளைப் பாதையாக 2000-ஆம் ஆண்டில் திறக்கப்பட்டு, ஆள் நடமாட்டம் குறைந்து சோர்ந்திருந்த பல கிராமங்களுக்குப் பிழைப்புக் கொடுத்துக்கொண்டிருக்கிறது.

ரயில் தடத்துக்கும் சைக்கிளுக்கும் இவ்வளவு ஒற்றுமை ஏன் என்பது யோசிக்கத்தக்க விஷயம். இரும்புச் சக்கரம் இரும்புத் தண்டவாளத்தின் மேல் உருளும்போது பிடிமானம் சொற்பம். ஆகையால் சாதாரண ரயில் பாதையில் 50 அடி போனால் ஓரடி ஏறலாம் என்ற அளவுக்கு மேல் ஏற்றம் வைக்க எஞ்சினீயர்கள் தயங்குவார்கள். நீலகிரி ரயிலில் 12 அடிக்கு ஓரடி ஏறுகிற இடங்கள் இருக்கின்றன என்றால், பல்சக்கரம் வைத்துத் தொற்றி ஏறுவதால்தான் அது சாத்தியமாகிறது. மனிதனுடைய காலுக்கும் ஏறத்தாழ இதே கணக்குத்தான். ஐம்பதுக்கு ஒன்று என்னும் சரிவில், பக்கத்தில் வருகிறவரோடு பேசிக்கொண்டே மிதித்துப் போகலாம். இருபதுக்கு ஒன்று ஆகிவிட்டால் பேச்சு நின்றுபோகும். பத்துக்கு ஒன்று ஆனால் பெரும்பாலோர் இறங்கித் தள்ளத் தொடங்குவார்கள். ஆகவே மூச்சு வாங்கும் நீராவி எஞ்சினுக்காக நூறு ஆண்டுகளுக்கு முன்பு எவனோ ஒருவன் குன்றைக் குடைந்தும் பள்ளத்தை நிரப்பியும் பட்ட கஷ்டத்தின் பலனை, இன்றைக்குச் சைக்கிள்காரன் உட்கார்ந்து அநுபவிக்கிறான்.

அப்படிப்பட்ட தடம் ஒன்று குரங்கணி மலையின் உச்சிக்கு அப்பால் இருந்தது என்பதையும், அதன் சரக்கெல்லாம் குரங்கணிச் சரிவு வழியாகத்தான் கீழே இறங்கியது என்பதையும் போடியில்கூடப் பலர் மறந்துவிட்டார்கள்.

மூணாற்றுத் தேயிலைத் தோட்டங்களில் விளைந்த தேயிலையை வெளியுலகத்துக்கு அனுப்ப வேண்டிய நிர்ப்பந்தத்திலிருந்து அந்தச் சரித்திரம் தொடங்குகிறது. மேற்கே இறங்கிக் கொச்சிக்குப் போவதைவிடக் கிழக்கே இறங்கிப் போடி வழியாக மதுரைச் சீமையை அடைந்து, தூத்துக்குடியில் கப்பலேற்றுவது அந்தக் காலத்தில் அநுகூலமாக இருந்தது. 1902-ஆம் ஆண்டில் மூணாற்றிலிருந்து குண்டளைப் பள்ளத்தாக்கின் வழியாக மலை விளிம்பு வரை, ஒற்றைத் தண்டவாளப் பாதை ஒன்றைப் போட்டார்கள். யூயிங் முறை என்று அதற்குப் பெயர். சாலையின் ஓரமாக ஒரே ஒரு தண்டவாளம். பாரத்தில் பெரும் பங்கைத் தாங்கும் சிறு சக்கரங்கள் அதன்மேல் உருளும். வண்டி சாய்ந்துவிடாமல் இருக்க, பக்கவாட்டில் நீட்டிய ஒரு கட்டையின் முனையில் பெரிய சக்கரம் ஒன்று வெறும் தரையில் ஓடிக்கொண்டு வரும். இழுத்தது எஞ்சின் கிடையாது, காளைகள். பஞ்சாபில் பட்டியாலா சமஸ்தானத்தில் இதே முறையில் 1907-இல் போட்ட பாதையின் எஞ்சின் ஒன்று இன்றும் தில்லி ரயில் அருங்காட்சியகத்தில் இருப்பதால், இந்த விசித்திரத்தை நேரில் பார்க்க விரும்புகிறவர்கள் அங்கே பார்க்கலாம். ஒரே கோட்டில் உருளுவது, சாயாமல் இருக்க இன்னோர் ஆதாரத்தை நாடுவது என்ற இரண்டு குணங்களையும் எண்ணிப் பார்க்கும்போது, சின்னப் பிள்ளைகள் பழகும்போது பக்கச் சக்கரம் பொருத்திக்கொள்ளும் சைக்கிளுக்கு அது தூரத்து உறவுதான் என்று எனக்குத் தோன்றுவதுண்டு.

1908-இல் அந்த ஒற்றைத் தண்டவாளம் நீக்கப்பட்டு, இரண்டடி அகலமுள்ள சிறிய ரயில் பாதையாக மாற்றப்பட்டது. நீராவி எஞ்சின்கள் வந்தன. பாதை முடிந்த இடம் கடல் மட்டத்துக்கு மேல் சுமார் 1,700 மீட்டர் உயரத்தில் இருந்தது. ரயில் போய் ஒரு நூற்றாண்டு ஆகியும் டாப் ஸ்டேஷன் என்ற பெயரை மட்டும் அந்த இடம் விடவில்லை. அங்கே தேயிலைப் பெட்டிகள் ரயிலிலிருந்து இறக்கப்பட்டுக் கம்பிவடத்தில், அதாவது ரோப்வேயில் மாட்டப்பட்டு, காற்றில் தொங்கியபடியே சுமார் 5 கிலோமீட்டர் இறங்கி, அடிவாரத்தில் கொட்டகுடியில் வந்து சேரும். இடையில் கம்பிவடம் தங்கிச் சென்ற இடத்துக்குச் சென்ட்ரல் ஸ்டேஷன் என்று பெயர். கீழே இருந்தது பாட்டம் ஸ்டேஷன். ரயிலே எட்டிப் பார்த்திராத ஒரு மலைச்சரிவில் இரண்டு ஸ்டேஷன்கள் இருந்தன என்பதும், அவற்றுள் ஒன்று இன்றும் மக்கள் குடியிருக்கிற கிராமத்தின் பெயராக வழங்குகிறது என்பதும் இந்தப் பிரதேசத்தின் வேடிக்கைகளில் சேரும். கொட்டகுடியில் இறங்கிய பெட்டிகளை மாட்டு வண்டிகள் ஏற்றிக்கொண்டு, ஆற்றோரமாகச் சுமார் 15 கிலோமீட்டர் தூரம் நடந்து போடிநாயக்கனூர் சேர்த்தன.

1924-ஆம் வருஷம் ஜூலை மாதத்தில் பெய்த பெருமழை இந்த ஏற்பாட்டையெல்லாம் குலைத்துவிட்டது. கொல்லம் ஆண்டு 1099-இல் வந்தது என்பதால் மலையாள தேசத்தார் இன்றைக்கும் தொண்ணூற்றொன்பதாம் வெள்ளம் என்று குறிப்பிடுகிற அந்த வெள்ளத்தில் பாலங்கள் போயின, தடம் போயிற்று, மூணாறு நகரமே உருக்குலைந்தது. ரயில் பாதையை மறுபடியும் போடவில்லை. மூணாற்றில் ஸ்டேஷனாக இருந்த கட்டடம் பிற்காலத்தில் தேயிலைக் கம்பெனியின் அலுவலகமாயிற்று. தடத்தின் மிச்சங்கள் தோட்டங்களுக்குள்ளும் சாலைக்கு அடியிலும் மறைந்து கிடக்கின்றன. மௌதாக் கழிமுகத்துக் கதையோடு ஒப்பிட்டால், அங்கே தண்டவாளம் போனபின் தடம் அப்படியே நின்றது, இங்கே தடமும் சேர்ந்து போய்விட்டது. கம்பிவடமோ ஆகாயத்தில் ஓடியதால் நிலத்தில் விட்டுச்சென்ற வழி எதுவும் இல்லை; கருங்கல் மேடைகளும், துருவேறிய இரும்புகளும் ஆங்காங்கே புதருக்குள் அகப்படும்.

அப்படியானால் இந்தச் சரிவில் சைக்கிளுக்கு என்ன இருக்கிறது? கால்நடை வழிகள் இருக்கின்றன. குரங்கணியிலிருந்து சென்ட்ரல் ஸ்டேஷன் வழியாக டாப் ஸ்டேஷனுக்கும், முதுவாக்குடிக்கும், கொழுக்குமலைக்கும் பிரிந்து செல்லும் இந்தப் பாதைகளில் அரிசியும் பருப்பும் மண்ணெண்ணெயும் மேலே ஏறுவதும், காப்பியும் மிளகும் ஏலமும் கீழே இறங்குவதும் கழுதைகளின் முதுகிலும் குதிரைகளின் முதுகிலும் மனிதர்களின் தலையிலும்தான். தேர்தல் சமயத்தில் வாக்குப்பதிவு இயந்திரங்களைக் குதிரைகளில் கட்டி மேலே கொண்டுபோகிற படம் பத்திரிகைகளில் தவறாமல் வரும். 2018-இல் வெளிவந்த ‘மேற்குத் தொடர்ச்சி மலை’ திரைப்படத்தைப் பார்த்தவர்களுக்கு, ஏலமூட்டையைச் சுமந்துகொண்டு மலையேறி இறங்குகிறவனுடைய நடையின் தாளம் ஞாபகம் இருக்கும். அது இந்த மலைத்தொடரின் நடைதான்.

இந்த வழிகள் ஒற்றையடிப் பாதைகள். மிருகத்தின் காலுக்கு வகுத்தவையாதலால், எட்டுக்கு ஒன்று, ஏழுக்கு ஒன்று என்றுகூடச் சில இடங்களில் செங்குத்தாக ஏறிவிடும். பாறை வந்தால் சுற்றிப் போகாமல் அதிலேயே படி கொத்தியிருக்கும். மழைக்காலத்தில் நீர் பாதையையே வாய்க்காலாகப் பாவித்து ஓடுவதால் மண் அரித்துப்போய், முண்டும் முடிச்சுமாக வேர்களும் கற்களும் வெளியே நிற்கும். சைக்கிளோடு குரங்கணி டீக்கடையில் உட்கார்ந்திருந்தபோது, மூட்டைகளைக் கட்டிக்கொண்டிருந்த கழுதைக்காரப் பெரியவர் ஒருவர் என்னையும் வண்டியையும் மாறி மாறிப் பார்த்துவிட்டு, “ஏந்தம்பி, இத மிதிச்சிக்கிட்டா மேல போகப் போறீக? பாதிக்கு மேல அதுல்ல உங்க தோள்ல ஏறி வரும்” என்றார். “அதுக்குப் பேசாம எங் கழுதையில ஏத்தி விட்ருங்க, ரெண்டு ரூவா கூடக் கிடைக்கும் எனக்கு” என்று அவர் சேர்த்துக்கொண்டதும் கடையிலிருந்த எல்லோரும் சிரித்தார்கள். மலைப்பாதையைப் பற்றி எஞ்சினீயர் எழுதும் அறிக்கை எதுவும் இதைவிடத் துல்லியமாக இருக்க முடியாது.

ஆகையால் சைக்கிளுக்கு உகந்த சரளை வழியைத் தேடுகிறவன், மிருகம் ஏறிய வழியை விட்டுவிட்டு, மாட்டு வண்டி போன வழியையும் தண்ணீர் போகிற வழியையும் தேட வேண்டும் என்பது என் அபிப்பிராயம். பாரவண்டி இழுக்கும் மாடு ரயில் எஞ்சினைப் போலவே செங்குத்தான ஏற்றத்தை ஒப்புக்கொள்ளாது. தண்ணீரோ ஏற்றம் என்பதையே அறியாது. முந்தலிலிருந்து கொட்டகுடி வரை போகும் பள்ளத்தாக்கில், தார்ச்சாலையை விட்டுச் சற்று விலகினால், மாந்தோப்புகளுக்கும் தென்னந்தோப்புகளுக்கும் இலவமரத் தோட்டங்களுக்கும் இடையே ஆற்றை ஒட்டியும் கடந்தும் செல்லும் வண்டிப்பாதைகள் இன்றும் புழக்கத்தில் இருக்கின்றன. பங்குனி சித்திரையில் இலவங்காய் வெடித்துப் பஞ்சு பறக்கும் சமயத்தில் இந்த வழிகளில் போனால், சரளையின்மேல் வெள்ளையாக ஒரு படலம் படிந்திருப்பதையும், சைக்கிள் டயரில் அது திரித்திரியாகச் சுற்றிக்கொள்வதையும் காணலாம்.

போடிக்குத் தெற்கே இன்னொரு வழி உண்டு. பெரியாற்று நீரை லோயர் கேம்பிலிருந்து மலையடிவாரமாகவே கொண்டுவந்து, உத்தமபாளையம், போடி வட்டாரத்துக் கண்மாய்களை நிரப்புவதற்காக வெட்டிய 18-ஆம் கால்வாயின் கரையைத்தான் சொல்கிறேன். கால்வாயைப் பார்வையிடவும் பராமரிக்கவும் பொதுப்பணித் துறையார் ஜீப் போவதற்காகக் கரையின்மேல் கிராவல் அடித்து வைத்திருக்கும் பாதை, கால்வாயைப் போலவே மலையின் மட்டத்தை அநுசரித்து நெளிந்து நெளிந்து, கண்ணுக்குத் தெரியாத சரிவில் மெல்ல இறங்கிக்கொண்டே போகும். இந்தக் கோணத்தில் பார்த்தால், தமிழ்நாட்டில் மோட்டார் நுழையாத சரளைப் பாதைகளுக்குப் பஞ்சமே இல்லை. ஏரிக்கரை, கண்மாய்க்கரை, வாய்க்கால்கரை என்று நம் முன்னோர் நீருக்காகக் கட்டி வைத்த கரைகள் ஆயிரக்கணக்கான மைல் கிடக்கின்றன. கொட்டகுடி ஆறு வைகையின் துணையாறு. 258 கிலோமீட்டர் ஓடுகிற வைகையோ, தன் நீரில் பெரும்பகுதியை இராமநாதபுரம் பெரிய கண்மாய்க்குக் கொடுத்துவிட்டு, மிச்சம் இருந்தால் மட்டும் ஆற்றங்கரை என்ற ஊரின் அருகே பாக் நீரிணையில் கலக்கிறது. வேல்ஸ்காரர்கள் கழிமுகத்தில் ஓட்டுகிறதைப் போலவே, நாமும் மனம் வைத்தால் குரங்கணி மலையடியில் தொடங்கிக் கரைவழியாகவே கழிமுகம் வரை சைக்கிளில் போய்ச் சேரலாம் என்று வரைபடத்தைப் பார்க்கும்போது தோன்றுகிறது. இடையில் கருவேல முள் என்னும் சத்துரு ஒருவன் இருக்கிறான். பங்க்சர் ஒட்டும் சாமான்கள் இல்லாமல் இராமநாதபுரச் சீமையின் கண்மாய்க்கரையில் கால் வைப்பது சாகசத்தைச் சேர்ந்தது.

சரளைப் பாதை என்றதும், விலையுயர்ந்த வெளிநாட்டுச் சைக்கிள் வேண்டுமென்று இளைஞர்கள் நினைக்கிறார்கள். பந்தயச் சைக்கிளின் டயர் 25 அல்லது 28 மில்லிமீட்டர் அகலமே இருக்கும். காற்றைக் கெட்டியாக அடைத்தால்தான் ஓடும். சரளையில் விட்டால் ஒவ்வொரு கல்லும் முதுகெலும்பில் வந்து பேசும். சரளைக்கென்று செய்யப்படும் சைக்கிளில் டயர் 40 மில்லிமீட்டர் அளவுக்கு அகலம். காற்றைக் குறைத்து அடைத்திருப்பதால், கல்லின்மேல் ஏறும்போது டயர் அமுங்கி அதை விழுங்கிக்கொள்ளும். விசேஷம் என்னவென்றால், நம் பால்காரரும் கீரைக்காரரும் அறுபது எழுபது வருஷமாக மிதித்துக்கொண்டிருக்கும் கறுப்புச் சைக்கிளின் டயரும் ஒன்றரை அங்குலம், அதாவது ஏறத்தாழ அதே 40 மில்லிமீட்டர்தான். கிராமத்து வண்டிப்பாதைக்கு எது பொருந்தும் என்பதை அந்த வண்டி அநுபவத்தால் அறிந்திருந்தது. அதன் கனமும், ஏற்றத்துக்குக் கியர் இல்லாமையும், இறக்கத்தில் கம்பி பிரேக்கை நம்ப முடியாமையும் குறைகள்தாம். குறிப்பாக, ரிம் நனைந்துவிட்டால் கம்பி பிரேக் பெயரளவுக்குத்தான். பள்ளத்தாக்கில் ஓட்டுவதற்கு அது தாராளமாகப் போதும். மலைச்சரிவில் அதைக் கொண்டு இறங்குவதை நான் சிபாரிசு செய்ய மாட்டேன்.

குரங்கணி என்ற பெயரைக் கேட்டதும் தமிழ் வாசகர் மனத்தில் முதலில் எழுகிறது வேறொரு ஞாபகமாக இருக்கும். 2018-ஆம் ஆண்டு மார்ச் 11-ஆம் தேதி, சென்னையிலிருந்தும் திருப்பூர், ஈரோட்டுப் பக்கங்களிலிருந்தும் வந்து, கொழுக்குமலையிலிருந்து இறங்கிக்கொண்டிருந்த மலையேற்றக்காரர்கள் காட்டுத்தீயில் அகப்பட்டுக்கொண்டார்கள். அன்றும், பின்னர் மருத்துவமனைகளிலுமாக இருபதுக்கும் மேற்பட்டவர்கள் இறந்தார்கள். காய்ந்து ஆளுயரம் நின்ற புல்லும், மலைச்சரிவும், திசைமாறிய காற்றும் ஒன்று சேர்ந்தால் என்ன நடக்கும் என்பதைச் சமவெளியில் வாழ்கிறவர்கள் ஊகிக்கவே முடியாது. சமதரையில் தீ எரிகிற வேகம் வேறு, ஏற்றத்தில் அது ஏறுகிற வேகம் வேறு. சுடர் சரிவை ஒட்டியே சாய்வதால், மேலே நிற்கிற புல்லைத் தொடுவதற்கு முன்பே வெப்பத்தால் உலர்த்திவிடும். மனிதனோ ஏற்றத்தில் ஓட முடியாது. முதலில் உதவிக்கு ஓடி ஏறியவர்கள் குரங்கணிக்காரர்களும் மலைக்குடிகளும். இருட்டிலும் தடம் தெரிந்தவர்கள் அவர்கள்தாம்.

அதன்பின் அரசாங்கம் விசாரணை நடத்தி, அந்த ஆண்டிலேயே வனப்பகுதி மலையேற்றத்தை ஒழுங்குபடுத்தும் விதிகளைக் கொண்டுவந்தது. 2024 அக்டோபரில் ‘டிரெக் தமிழ்நாடு’ என்னும் திட்டத்தின்கீழ் மாநிலமெங்கும் 40 மலைவழிகள், வழிகாட்டிகளோடு, முன்பதிவு முறையில் திறக்கப்பட்டபோது, குரங்கணியிலிருந்து சாம்பலாறு செல்லும் வழியும் அவற்றில் இடம்பெற்றது. மலைக்குடிகளைச் சேர்ந்த இளைஞர்களே இதில் வழிகாட்டிகளாக இருப்பது நல்ல ஏற்பாடு. இது நடப்பவர்களுக்கான ஏற்பாடு என்பதைச் சைக்கிள்காரர்கள் கவனிக்க வேண்டும். காப்புக்காட்டுக்குள் அநுமதியின்றி நுழைவது, காலால் நுழைந்தாலும் சக்கரத்தால் நுழைந்தாலும், குற்றந்தான். கொடைக்கானலிலிருந்து பேரிஜம் வழியாக டாப் ஸ்டேஷன் பக்கம் வந்த பழைய மலைச்சாலை, எஸ்கேப் ரோடு என்று பேர் பெற்றது, 1990-ஐ ஒட்டி மூடப்பட்டுப் புல் முளைத்துக் கிடக்கிறது. மோட்டாரும் இல்லாமல், சரளையும் சேர்ந்து, உயரமும் குளிரும் வாய்ந்த அதைப் போல் ஒரு சைக்கிள் பாதை தென்னிந்தியாவில் வேறொன்று இருக்க முடியாது என்று சொல்கிறவர்கள் உண்டு. சொல்வது மெய்யானாலும், யானையும் காட்டெருமையும் அதை முப்பது வருஷமாகத் தங்களுடையதாக்கிக்கொண்டுவிட்டன என்பதும் மெய். அதை அவற்றிடமே விட்டுவிடலாம் என்று நினைக்கிறேன்.

இந்த இடத்தில், சைக்கிள் பிரியர்கள் அதிகம் பேசாத சங்கதி ஒன்றைப் பேசியாக வேண்டும். மோட்டார் வராத வழி என்று நாம் சிலாகிக்கிறோமே, அந்த வழியின் மேல்கோடியில் குடியிருக்கிறவர்களுக்கு அது சிலாக்கியமாகப் படுவதில்லை. சென்ட்ரல் ஸ்டேஷனிலோ முதுவாக்குடியிலோ ஒரு பெண்ணுக்குப் பிரசவ வலி கண்டால், கம்பில் போர்வையைக் கட்டி டோலியாக்கி, நாலு பேர் தோள்மாற்றித் தூக்கிக்கொண்டுதான் குரங்கணிக்கு வர வேண்டும். போடியிலிருந்து டாப் ஸ்டேஷனுக்குச் சாலை போட வேண்டும் என்னும் கோரிக்கை இந்த வட்டாரத்தில் நெடுங்காலமாக ஒலித்துக்கொண்டிருக்கிறது. மூணாற்றுக்குப் போகப் போடிமெட்டு வழியாகச் சுற்றும் தூரம் வெகுவாகக் குறைந்துவிடும் என்பதால் வியாபாரிகளும் அதை ஆதரிக்கிறார்கள். காடு துண்டாகிவிடும் என்பது எதிர்த்தரப்பு வாதம். இரண்டிலும் நியாயம் இருக்கிறது. எட்டு மீட்டர் அகலத்துக்குத் தார்ச்சாலை வந்தால், அதன் பின்னாலேயே விடுதிகளும் குப்பையும் மண்சரிவும் வரும் என்பதை நாம் மூணாற்றுப் பக்கம் பார்த்துவிட்டோம். சாலையே கூடாது என்று சமவெளியில் வசிக்கிற ஒருவன் சொன்னால், அவன் தன் வீட்டுப் பிரசவத்துக்கு டோலி தூக்கிப் பார்க்க வேண்டும்.

இரண்டுக்கும் நடுவே, சொற்ப அகலமும் நல்ல வடிகாலும் உள்ள சரளை வழி என்று ஒன்று இருக்கிறது. இரண்டு மீட்டர் அகலம் போதும். அடியில் பெரிய கல், அதன்மேல் சிறு ஜல்லி, அதற்கும் மேல் களிமண் சற்றுக் கலந்த கிராவல். தண்ணீர் தெளித்து உருளை ஓட்டினால் இறுகிவிடும். மழைநீர் பாதையின் நீளவாட்டில் ஓடாமல் குறுக்கே வழிந்துபோகும்படி மேற்பரப்பைப் பள்ளத்தாக்குப் பக்கமாகச் சற்றுச் சாய்த்தும், பத்திருபது கஜத்துக்கு ஒரு குறுக்கு வடிகால் கல்லால் கட்டியும் வைப்பதுதான் இதில் பிரதானமான வேலை. மலைப்பாதை கெடுவது நடமாட்டத்தால் அன்று, தண்ணீரால். இப்படிப்பட்ட வழியில் கழுதை போகும், சைக்கிள் போகும், நோயாளியை ஏற்றிய ஒரு சிறு வண்டி நிதானமாக ஊர்ந்து இறங்கும். டூரிஸ்ட் பஸ் போகாது. புல்வெளியின் குறுக்கே அது தீத்தடுப்புக் கோடாகவும் பயன்படும் என்பதை 2018-க்குப் பிறகு யாருக்கும் விளக்க வேண்டியதில்லை. ஏற்றத்தைக் குறைக்க வேண்டுமானால் பாதையை நீளமாக வளைக்க வேண்டும். அதற்குக் காட்டில் கொஞ்சம் கூடுதல் இடம் போகும். எங்கே வளைப்பது, எங்கே படியாகவே விட்டுவிடுவது என்பதை, மேசையில் வரைபடம் விரித்து வைத்துக்கொண்டு முடிவு செய்யாமல், கழுதைக்காரரைக் கூட்டிக்கொண்டு நடந்து பார்த்து முடிவு செய்யலாம்.

போடி ரயில் பாதையின் கதையையும் இங்கே சொல்லிவிடுகிறேன். 1928-இல் மதுரையிலிருந்து வந்த மீட்டர் கேஜ் ரயில், அகலப் பாதையாக்குவதற்காக 2010-ஆம் ஆண்டின் முடிவோடு நிறுத்தப்பட்டது. சுமார் 90 கிலோமீட்டர் தடம் பதினோரு வருஷத்துக்கு மேல் ரயிலின்றிக் கிடந்தது. மேல்நாட்டார் வழக்கப்படி அதைச் சைக்கிள் பாதையாக்கலாமே என்று அந்தக் காலத்தில் வேடிக்கையாகப் பேசியவர்களுண்டு. 2022-இல் தேனி வரையும் 2023 ஜூனில் போடி வரையும் ரயில் திரும்பி வந்துவிட்டது. வந்ததுதான் சரி; ஏலக்காய் ஏலமும் மாங்காய்ச் சந்தையும் நடக்கிற ஊருக்கு ரயில் வேண்டும். இதனால் சைக்கிள்காரனுக்கும் நஷ்டமில்லை. வெளியூரிலிருந்து வருகிறவன் போடி ஸ்டேஷனில் இறங்கி, அங்கிருந்தே மிதித்துப் போகலாம் என்ற சௌகரியம், மீட்டர் கேஜ் ரயில் நின்ற பிறகு இப்போதுதான் மறுபடியும் அமைந்திருக்கிறது.

புறப்படுகிறவர்களுக்குச் சில குறிப்புகள். ஐப்பசி கார்த்திகையில் இந்தச் சரிவுக்கு நல்ல மழை உண்டு. கொட்டகுடி ஆறு திடீரென்று பெருகினால் வண்டிப்பாதையின் தரைப்பாலங்கள் மூழ்கிவிடும், அப்போது ஆற்றைக் கடக்க முயல்வது மூடத்தனம். மாசியிலிருந்து கோடைமழை வருகிறவரை காடு காய்ந்து நிற்கும். அந்த மாதங்களில் மலைவழிகளை வனத்துறை மூடிவிடும், பள்ளத்தாக்கோடு திருப்திப்பட்டுக்கொள்ள வேண்டியதுதான். மார்கழியும் தையும் உத்தமம். போடியிலிருந்து விடியுமுன் கிளம்பினால், அணைப்பிள்ளையார் கோவில் அருவியைக் கடந்து முந்தலில் இட்லி சாப்பிட்டுவிட்டு, வெயில் ஏறுவதற்குள் கொட்டகுடி சேரலாம். முந்தலுக்கு அப்பால் சைக்கிள் கடை கிடையாது. இரண்டு ட்யூபும் ஒரு பம்பும் கையோடு இருக்கட்டும். வழியில் பாரம் ஏற்றிய கழுதைகள் எதிர்ப்பட்டால் இறங்கி, மலைப்பக்கமாக ஒதுங்கி, சைக்கிளைத் தமக்கும் கழுதைக்கும் நடுவே நிறுத்திக்கொள்ள வேண்டும். பள்ளத்தாக்குப் பக்கம் நின்றால், இருபுறமும் பிதுங்கி நிற்கிற மூட்டை இடித்து ஆளைக் கீழே தள்ளிவிடும். கழுதை தானாக ஒதுங்காது, மணி அடித்தாலும் ஒதுங்காது. கடைசிக் கழுதைக்குப் பின்னால் வருகிறவர் தலையசைத்துப் போன பிறகு ஏறி மிதித்தால் போதும்.